“முடியும்னு சொன்னார்” – இதை ஆங்கிலத்தில் எழுதும்போது கேனா, குட்டா? மினிட்ஸில் ஒரு சொல்லால் வந்த வினை

கடுகோடி மெட்ரோ | செவ்வாய், இரவு 10.15

வணக்கம். வொயிட்ஃபீல்டு பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டராக இருக்கிறேன். வாரத்துக்கு நான்கைந்து கான்ஃபரன்ஸ் கால் வரும். அத்தனைக்கும் மினிட்ஸ் எழுதி அனுப்புவது என் வேலை. யார் என்ன சொன்னார், யார் எதற்கு ஒப்புக்கொண்டார் என்று எழுதுவதுதானே மினிட்ஸ்? ஆறு வருடமாக எழுதுகிறேன். போன வாரம் ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

இங்கிலாந்து கிளையண்ட், வெள்ளிக்கிழமை ரிலீஸ் சாத்தியமா என்று கேட்டார்கள். எங்கள் டெக் லீட் “வி குட் ரிலீஸ் இட் ஆன் ஃப்ரைடே” என்றார். இந்த இழை முழுக்க நான் குட் என்று எழுதுவது கேன் என்பதன் ஜோடியை, ‘நல்ல’ என்று பொருள் தரும் சொல்லை அல்ல. நான் மினிட்ஸில் “தி டீம் செட் தே கேன் ரிலீஸ் இட் ஆன் ஃப்ரைடே” என்று எழுதினேன். அவர் சொன்னது என் காதில் ‘முடியும்’ என்று விழுந்தது. முடியும் என்றால் கேன். குட் என்பது கேன் என்பதையே கொஞ்சம் பணிவாகச் சொல்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அவர்கள் அதை நம்பி சனிக்கிழமைக்குத் தங்கள் டெஸ்டர்களை வரச் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ரிலீஸ் ஆகவில்லை. திங்கட்கிழமை காலில் அந்த மேனேஜர் என் வரியைத் திரையில் போட்டுக் காட்டினார். எங்கள் லீட், “நான் அப்படிச் சொல்லவில்லை, ரெக்கார்டிங்கைப் போடுங்கள்” என்றார். போட்டார்கள். குட் என்றுதான் சொல்லியிருக்கிறார். ‘வேண்டுமானால் வெள்ளிக்கிழமை செய்து பார்க்கலாம், அப்படி ஒரு வழி இருக்கிறது’ என்ற அளவு. நான் அதை உறுதிமொழியாக்கி அனுப்பியிருக்கிறேன். பதினோரு பேர் இருந்த காலில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

என் கேள்வி இது. பள்ளியில் டைரக்ட், இண்டைரக்ட் ஸ்பீச் பாடத்தில் கேன் குட் ஆகும், வில் வுட் ஆகும் என்று படித்தோம். அப்படியானால் அவர் கேன் என்று சொல்லியிருந்தாலும் நான் குட் என்றுதான் எழுதுவேன், குட் என்று சொல்லியிருந்தாலும் குட்தான். படிக்கிறவருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

அல்சூர் டீச்சர் | செவ்வாய், இரவு 11.02

நல்ல கேள்வி அம்மா. முப்பத்திரண்டு வருடம் ஆங்கிலம் நடத்தினேன், இந்தக் கேள்வியை எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. கேட்க நான் இடம் கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை. அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வேன். வில் வுட் ஆகும். கேன் குட் ஆகும். மே மைட் ஆகும். வுட், குட், மைட், ஷுட், ஆட் டு ஐந்தும் மாறாது. ஐந்து மார்க்குக்கு அது போதும்.

நீங்கள் கேட்டது அந்த அட்டவணையின் ஓட்டை. இடது பக்கம் இரண்டு தனித்தனிச் சொற்கள், வலது பக்கம் வரும்போது ஒன்றாகிவிடுகின்றன. “ஹி செட் ஹி வுட் கம்” என்ற வரியை மட்டும் வைத்துக்கொண்டு, அவர் ‘நான் வருவேன்’ என்றாரா, ‘கூப்பிட்டால் வருவேன்’ என்ற தொனியில் சொன்னாரா என்று யாராலும் சொல்ல முடியாது. இங்கிலாந்துக்காரராலும் முடியாது. பக்கத்தில் உள்ள வாக்கியங்களைப் பார்த்துத்தான் அவர்களும் புரிந்துகொள்கிறார்கள்.

அதனால் வுட், குட் மாதிரியான அந்த ஒரு துணைவினையின் தலையிலேயே எல்லாச் சுமையையும் ஏற்றாதீர்கள். ‘சொன்னார்’ என்ற வினையை மாற்றுங்கள். கேன் என்று உறுதியாகச் சொல்லியிருந்தால் கன்ஃபர்ம்ட் என்று எழுதலாம். உங்கள் லீட் சொன்ன குட்டுக்கு, வெள்ளிக்கிழமையை ஒரு சாத்தியமாகச் சொன்னார், உறுதி தரவில்லை என்று முழுசாக எழுதலாம். ஒரு வரி கூடும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் நல்ல நிருபர்கள் இதைத்தான் செய்கிறார்கள். ப்ராமிஸ்ட், ஆஃபர்ட், ரெஃப்யூஸ்ட், சஜெஸ்டட், வார்ன்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் செட் போட்டுவிட்டு மிச்சத்தை வுட் பார்த்துக்கொள்ளும் என்று விடுவதில்தான் தகராறு வருகிறது.

ஹெச்.எஸ்.ஆர். வாசி | புதன், காலை 8.20

டீச்சர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். அந்த அட்டவணைப்படி மாற்றியே ஆக வேண்டும் என்று ஆங்கிலத்தில் கட்டாயம் இல்லை. சொன்ன விஷயம் இன்னும் நடக்க வேண்டியதாகவே இருந்தால் மாற்றாமலும் விடலாம். “ஷி செட் ஷி வில் கால் டுமாரோ” முழுக்கச் சரி. நாளை இன்னும் வரவில்லையே! மினிட்ஸ் அன்றைக்கே எழுதி அன்றைக்கே அனுப்புவதுதானே? வில் என்று சொன்னால் வில், வுட் என்று சொன்னால் வுட், கேன் என்றால் கேன், குட் என்றால் குட் என்று அப்படியே போட்டால் உங்கள் சிக்கல் போய்விடும். நான் ஏழு வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன்.

கடுகோடி மெட்ரோ | புதன், காலை 8.41

இதை யோசித்தேன் சார். ஆனால் என் மினிட்ஸை அன்றைக்கு மட்டும் படிப்பதில்லை. பில்லிங்கில் தகராறு வந்தால் நான்கு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கிறார்கள். அப்போது “செட் தே வில்” என்று இருந்தால் விசித்திரமாக இருக்குமே?

அல்சூர் டீச்சர் | புதன், காலை 9.30

இருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. ‘செட்’ போட்டுவிட்டு வில்லை வில்லாகவே விட்டால், அந்தச் சொல் இன்னும் நிற்கிறது என்று எழுதுகிற நீங்களும் ஒப்புக்கொள்கிற மாதிரி ஒரு சாயல் வரும். வுட் போட்டால் ‘அவர் அப்படிச் சொன்னார், அது அவர் பொறுப்பு’ என்று நீங்கள் ஓர் அடி தள்ளி நிற்கிறீர்கள். ஆங்கிலச் செய்தித்தாளில் அமைச்சர் பேச்சு, நீதிமன்றச் செய்தி எல்லாம் வுட் வுட் என்று வருவது அதனால்தான். பாலம் கட்டப்படும் என்று அமைச்சர் சொன்னார், அவ்வளவுதான். கட்டப்படுமா என்று பத்திரிகை உத்தரவாதம் தரவில்லை.

உள்ளுக்குள் சுற்றும் மினிட்ஸுக்கு ஹெச்.எஸ்.ஆர். தம்பி சொல்கிற வழி சரி. பின்னால் எடுத்துப் பார்க்கப்போகிற ஆவணத்துக்கு வுட் போட்டு, பக்கத்தில் தேதியும் நிபந்தனையும் எழுதுவதே நல்லது.

மாரிக்குப்பம் ரயில் | புதன், காலை 10.05

நான் தங்கவயல்காரன். தினமும் ரயிலில் பெங்களூரு வந்து போகிறேன். ஆங்கில இலக்கணம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இந்த இழையைப் படிக்கும்போது ஒன்று தோன்றியது.

நமக்கு இந்தச் சிக்கலே கிடையாதே! ‘வர்றேன்னு சொன்னான்’ என்கிறோம். அவன் வாயில் வந்த ‘வர்றேன்’ அப்படியே இருக்கிறது, ‘ன்னு’ மட்டும் ஒட்டிக்கொள்கிறது. ‘முடியும்னு சொன்னான்’, ‘முடியலாம்னு சொன்னான்’, ‘பார்க்கலாம்னு சொன்னான்’. எதுவும் உருமாறுவதில்லை. சொன்னவன் எந்த அளவு உறுதியோடு சொன்னானோ அதே அளவு கேட்கிறவனுக்குப் போய்ச் சேர்கிறது. கன்னடத்திலும் அப்படியேதான்: ‘பர்த்தீனி அந்த ஹேளித’. நம் ‘ன்னு’ இருக்கும் இடத்தில் அவர்களுக்கு ‘அந்த’. இரண்டு மொழியும் பேசி வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் ஏன் அடுத்தவர் வாயில் கை வைக்கிறது என்று புரிவதே இல்லை.

அப்புறம் நமக்கு ‘ஆம்’ இருக்கிறது. காலையில் பங்காரப்பேட்டையில் வண்டி நின்றுவிட்டால் பெட்டி முழுக்க ஒரே பேச்சு: ‘சிக்னல் கோளாறாம்’, ‘அரை மணி ஆகுமாம்’. கன்னடக்காரர் ‘லேட் ஆகுத்தந்தே’ என்பார். யார் சொன்னது என்று சொல்ல வேண்டாம், நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன் என்பது அந்த ஓர் எழுத்திலேயே வந்துவிடுகிறது. இதற்கு ஆங்கிலத்தில் என்ன?

பழஞ்சொல் | புதன், மதியம் 1.15

தங்கவயல் நண்பருக்கு: ஒற்றை எழுத்தில் ஆங்கிலத்தில் இல்லை. பேச்சில் சப்போஸ்ட் டு ஓரளவு அந்த வேலையைச் செய்யும். ‘வண்டி லேட்டாம்’ என்பதற்கு “இட் இஸ் சப்போஸ்ட் டு பி லேட்”. அப்பேரன்ட்லி என்று முன்னால் போட்டாலும் சரி. வேடிக்கை என்னவென்றால், பக்கத்து மொழியான ஜெர்மனில் ஒரு துணைவினையே இதற்கு இருக்கிறது: ஸோலன். ‘அவனுக்கு உடம்பு சரியில்லையாம்’ என்பதை ‘எர் ஸோல் க்ராங்க் ஸைன்’ என்பார்கள். அந்த ஸோல், ஆங்கிலத்தின் ஷல் என்பதற்கு உடன்பிறப்பு. ஒரே வேர்தான், ஜெர்மனில் ‘ஆம்’ வேலையும் பார்க்கிறது.

கேன் ஏன் குட் ஆகிறது என்பதற்கும் பழைய கதை இருக்கிறது. வுட் என்பது வில்லின் இறந்தகாலம், ஷுட் ஷல்லின் இறந்தகாலம், மைட் மேயின் இறந்தகாலம், குட் கேனின் இறந்தகாலம். பழைய ஆங்கிலத்தில் இவை உண்மையாகவே இறந்தகாலமாகத்தான் இருந்தன. பின்னால் இந்த இறந்தகால வடிவங்கள், காலத்தை விட்டுவிட்டு நிச்சயமின்மையையும் பணிவையும் காட்டத் தொடங்கின. அதனால் இன்றைக்கு குட் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, நேற்றைய கேன். இன்னொன்று, இன்றைய ‘ஒருவேளை முடியலாம்’. கடுகோடி மேடம் மாட்டிக்கொண்டது அந்த இரண்டுக்கும் நடுவில்.

குட் எழுத்துக்கூட்டலில் நடுவில் ஒரு எல் இருக்கிறதே, அது முதலில் கிடையாது. வுட், ஷுட் இரண்டிலும் எல் இருப்பதைப் பார்த்து இதிலும் ஒட்டிக்கொண்டது. வில்லிலும் ஷல்லிலும் எல் இருக்கிறது, கேனில் எங்கே இருக்கிறது?

மஸ்ட் மட்டும் தனி ரகம். அதுவே ஒரு காலத்தில் இறந்தகால வடிவம். அதற்கு நிகழ்காலமாக இருந்த சொல் வழக்கொழிந்து போய்விட்டது. இறந்தகாலத்தை இன்னொரு முறை இறந்தகாலமாக்க முடியாததால்தான் ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில், அதாவது இண்டைரக்ட் ஸ்பீச்சில், மஸ்ட் வந்தால் ஹேட் டு என்று வேறு சொல்லைக் கடன் வாங்குகிறார்கள், அல்லது அப்படியே விடுகிறார்கள்.

ஜெயநகர் நாலாவது பிளாக் | புதன், இரவு 9.50

மஸ்ட் என்றதும் எழுதத் தோன்றியது. இதுவரை இங்கே நான் படித்துவிட்டுப் போவதோடு சரி.

போன வருடம் அம்மாவுக்கு இடது கண்ணில் கண்புரை ஆபரேஷன் ஆனது. டிஸ்சார்ஜின்போது டாக்டர் “ஷி மஸ்ன்ட் ஸ்லீப் ஆன் தட் சைட்” என்றார். வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள மணிப்பூர் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. நான் ஆபீஸிலிருந்து அவளுக்கு ஆங்கிலத்தில் மெசேஜ் போட்டேன். மஸ்ட் வந்தால் ஹேட் டு, அப்படியானால் மஸ்ட் நாட் வந்தால் டிட் நாட் ஹேவ் டு. இப்படித்தான் என் தலைக்குள் ஓடியது. “டாக்டர் செட் ஷி டிட்ன்ட் ஹேவ் டு ஸ்லீப் ஆன் தட் சைட்” என்று அனுப்பிவிட்டேன்.

படுக்கக் கூடாது என்பதை, படுக்க வேண்டிய அவசியமில்லை என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பெண் அம்மாவை அவர் வசதிப்படி படுக்கவிட்டாள். அன்றிரவு தம்பி வந்து பார்த்தபோது அம்மா இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மெசேஜை நான் இன்னும் அழிக்கவில்லை. ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில் நான் பள்ளியில் முழு மார்க் வாங்கியவள்.

அல்சூர் டீச்சர் | புதன், இரவு 10.20

படித்துவிட்டு நெஞ்சு அடைத்தது அம்மா. நானே எத்தனை வகுப்பில் மஸ்ட் – ஹேட் டு என்று ஒரே கோட்டில் எழுதிப் போட்டிருப்பேன்! அதில் நாட் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு நாளும் நின்று சொல்லவில்லை.

இப்போது சொல்கிறேன். மஸ்ன்ட் என்றால் ‘கூடாது’. ரிப்போர்ட் செய்யும்போது மஸ்ன்ட் என்றே விடலாம், அல்லது வாஸ் நாட் டு என்று எழுதலாம். எல்லாவற்றையும்விட எளிது, “டாக்டர் டோல்ட் ஹர் நாட் டு ஸ்லீப் ஆன் தட் சைட்”. கட்டளையைக் கட்டளையாகவே சொல்லிவிடுவது. டிட்ன்ட் ஹேவ் டு என்பது ‘தேவையில்லை’. அது நீட்ன்ட் என்பதற்குத்தான் பொருந்தும். தமிழில் ‘கூடாது’, ‘வேண்டாம்’, ‘வேண்டியதில்லை’ மூன்றும் வேறு வேறு என்று குழந்தைக்கும் தெரியும். ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் அந்த மூன்றில் எது என்று மனதில் முடிவு செய்துகொண்டால் இந்தத் தவறு வராது.

ஊகமாக வரும் மஸ்டும் ஹேட் டு ஆகாது. ‘அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும்’ என்று யாராவது ஊகித்தால், “ஷி செட் ஹி மஸ்ட் பி அட் ஹோம்” என்றே விட வேண்டும். ஹேட் டு போட்டால், வீட்டை விட்டு நகரக் கூடாது என்று அவருக்கு யாரோ உத்தரவு போட்டது போலவும் படிக்கலாம்.

உரைபெயர்ப்பு | வியாழன், காலை 7.10

நான் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பவன். தங்கவயல் நண்பர் சொன்னதில் பாதியை மறுக்க வேண்டியிருக்கிறது. ‘ன்னு’ சொன்னவரின் வாய்ச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்கிறது என்பது சரி. ஆனால் அந்த வாய்ச்சொல்லே தமிழில் பல நேரம் இரண்டு மூன்று பொருளில் இருக்கிறது. நமக்குப் பழகிப்போனதால் கவனிப்பதில்லை.

‘வரலாம்னு சொன்னார்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வரலாம் என்று அனுமதி தந்தாரா? மழை வரலாம் என்று ஊகம் சொன்னாரா? வா, சேர்ந்து வரலாம் என்று கூப்பிட்டாரா? முதலாவதற்கு “செட் ஐ குட் கம்”, இரண்டாவதற்கு “செட் இட் மைட் ரெயின்”. மூன்றாவதற்குத் துணைவினையே வேண்டாம், சஜெஸ்டட் போதும். ஒரே ‘லாம்’, ஆங்கிலத்தில் மூன்று பாதை.

‘ணும்’ இன்னும் மோசம். போன மாதம் ஒரு குடும்பக் கடிதத்தை மொழிபெயர்த்தேன். ‘அம்மா ஊருக்குப் போகணும்னு சொன்னாங்க’ என்று ஒரு வரி. யார் போகணும்? அம்மாவா, கடிதம் எழுதியவரா, வீட்டில் எல்லோருமா? போக வேண்டிய கட்டாயமா, அம்மாவுக்கு ஊரைப் பார்க்க ஆசையா? வான்டட் டு, ஹேட் டு, ஷுட் என்று மூன்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கடிதம் கொடுத்தவருக்கு போன் செய்தேன். “பாட்டிக்குக் கடைசி நாளில் ஊர் ஞாபகம் வந்துவிட்டது சார்” என்றார். வான்டட் டு என்று எழுதினேன்.

அதனால் ஆங்கிலம் அடுத்தவர் வாயில் கை வைக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். நாம் சொல்லாமல் விடுவதைச் சொல்லிவிடு என்று அது நம்மை நெருக்குகிறது. எனக்கு அந்த நெருக்கடி பிடித்திருக்கிறது.

மாரிக்குப்பம் ரயில் | வியாழன், காலை 8.02

ஒப்புக்கொள்கிறேன் சார். ‘போகணும்’ விஷயம் இப்போதுதான் உறைத்தது. ஆனால் நேரில் சொல்லும்போது குரலில் தெரிந்துவிடுமே, அம்மாவுக்கு ஆசையா, கட்டாயமா என்று. எழுத்தில் வரும்போதுதான் காணாமல் போகிறது.

உரைபெயர்ப்பு | வியாழன், காலை 8.15

உண்மை. எனக்கு வருவதெல்லாம் குரல் இல்லாத காகிதம்தான்.

ஹெச்.எஸ்.ஆர். வாசி | வியாழன், மதியம் 12.40

நினைத்ததை எழுதுவது பற்றி யாரும் பேசவில்லை. அதில்தான் எங்கள் ஆபீஸில் அதிகம் சறுக்குகிறார்கள்.

‘அவர் வரமாட்டார்னு நினைக்கிறேன்’ என்பதை நம் ஆட்கள் “ஐ திங்க் ஹி வில் நாட் கம்” என்று எழுதுவார்கள். தப்பில்லை, ஆனால் கொஞ்சம் அடித்துச் சொல்வது போல இருக்கும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் வழக்கம் மறுப்பை நினைப்பின் மேல் ஏற்றுவது: “ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம்”. தமிழில் ‘வருவார்னு எனக்குத் தோணலை’ என்று சொல்வோமே, அதே அமைப்பு.

அடுத்தது, “ஐ தாட் யூ வுட் கால்”. இதை ஒரு ஜூனியர் கிளையண்டுக்கு அனுப்பினான். ‘நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று நினைத்தேன்’ என்ற சாதாரண அர்த்தத்தில்தான். அந்தப் பக்கம் படித்தவருக்கு ‘நீங்கள் கூப்பிடவில்லையே’ என்ற குறையாகப் பட்டிருக்கிறது. தமிழிலும் ‘கூப்பிடுவீங்கன்னு நினைச்சேன்’ என்று இழுத்துச் சொன்னால் அதே குறைதான். மெயிலில் இழுப்பு வேறு வேண்டியதில்லை, தாட், வுட் இரண்டும் சேர்ந்தாலே குறை வந்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிராக, “ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் செண்ட் த ஃபைல்” என்று வந்தால் அது இறந்தகாலமே அல்ல. இப்போது அனுப்ப முடியுமா என்று பணிவாகக் கேட்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ‘முன்னால் யோசித்துக்கொண்டிருந்தார் போல, இப்போது தேவைப்படவில்லை’ என்று நினைத்து ஃபைலை அனுப்பாமல் விட்டவன் நான். மறுநாள் நினைவூட்டல் வந்தது.

பழஞ்சொல் | வியாழன், மதியம் 2.30

நினைப்பு என்றதும் இதைச் சேர்க்கிறேன். கதைகளில் ‘அவள் நினைத்தாள்’ என்று சொல்லாமலே நினைப்பைக் கதைசொல்லியின் குரலுக்குள் கலந்து எழுதும் முறை ஒன்று உண்டு. “ஷி மஸ்ட் கோ. ஹி வுட் நெவர் அண்டர்ஸ்டாண்ட்.” இங்கே செட் இல்லை, தாட் இல்லை. இது அவள் மனதுக்குள் ஓடுவது என்று நமக்குச் சொல்வது அந்த வுட்தான். கதை இறந்தகாலத்தில் போகிறது, அவள் மனதில் வில்லாக இருந்தது வுட் ஆகிவிட்டது. மஸ்ட் மட்டும் மாறாமல் நிற்கிறது. இதற்கு 1912-ல் ஷார்ல் பாயி என்ற சுவிஸ் மொழியியலாளர் பிரெஞ்சில் பெயர் வைத்தார், கட்டற்ற அயற்கூற்று என்று தமிழாக்கலாம். நம் மொழியில் அதே இடத்தில் ‘போய்விட வேண்டும். அவனுக்கு இது புரியவே புரியாது’ என்று எழுதினால் போதும். வினை எதுவும் மாறுவதில்லை, ஆனாலும் வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது.

ஜெயநகர் நாலாவது பிளாக் | வியாழன், இரவு 9.15

இன்னொரு சந்தேகம். எங்கள் மேலாளர் எல்லா மெயிலிலும் “வி வுட் பி ஷேரிங் த ரிப்போர்ட் டுமாரோ” என்றுதான் எழுதுவார். வில் போட்டால் முரட்டுத்தனமாக இருக்கிறதாம். இது சரியா?

அல்சூர் டீச்சர் | வியாழன், இரவு 9.48

நம் நாட்டு ஆங்கிலத்தில் இது மிகப் பரவலாக இருக்கிறது. நமக்குள் எழுதும்போது யாருக்கும் குழப்பமில்லை, அதனால் தப்பு என்று கையை ஓங்க மாட்டேன். ஆனால் வெளிநாட்டுக்காரர் படித்தால், வுட் பக்கத்தில் ஒரு ‘இஃப்’ எங்கே என்று தேடுவார். ‘அனுப்புவோம், ஆனால்...’ என்று ஏதோ பாக்கி இருப்பது போல அவருக்குத் தொனிக்கும். வாக்குக் கொடுக்கிற இடத்தில் வில் முரட்டுத்தனம் அல்ல. வில்தான் மரியாதை. பணிவு கேட்கும்போது வேண்டும், “வுட் யூ ப்ளீஸ்” என்று அங்கே வைத்துக்கொள்ளலாம்.

மறுப்பில் வரும் வுட்டையும் சொல்லிவிடுகிறேன். காலையில் பையப்பனஹள்ளியில் ஓர் ஆட்டோக்காரரிடம் அல்சூர் என்றேன், ‘பரல்ல’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அதை ஆங்கிலத்தில் எழுதினால் “ஹி வுட்ன்ட் கம்”. இது எதிர்காலமும் அல்ல, நிபந்தனையும் அல்ல. வர மனமில்லை. நம் ‘மாட்டேன்’ என்ற சொல்லில் இருக்கும் அதே மனம். அவர் வண்டியில் கேஸ் தீர்ந்துபோய் வர வழியில்லை என்றால் குட்ன்ட். ‘மாட்டேன்னுட்டார்’, ‘முடியாதுன்னுட்டார்’ இரண்டையும் தமிழில் நாம் கலந்து பேசுகிறோம். ஆங்கிலத்தில் புகார் எழுதும்போது கலக்கக் கூடாது. ஒன்று அவர் மனம், இன்னொன்று அவர் நிலைமை.

உரைபெயர்ப்பு | வியாழன், இரவு 10.05

டீச்சர், இந்த ‘மாட்டேன்’ – வுட்ன்ட் பொருத்தத்தை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இருபது வருடமாக மொழிபெயர்க்கிறேன், இவ்வளவு நேராக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இன்னொரு பொருத்தமும் உண்டு. ‘இந்நேரம் மெஜஸ்டிக் தாண்டியிருப்பான்’ என்று நாம் எதிர்கால வடிவத்தை வைத்து ஊகிக்கிறோமே, ஆங்கிலத்திலும் வில் அதே வேலையைச் செய்கிறது. ரிப்போர்ட் செய்தால் “ஷி செட் ஹி வுட் ஹேவ் பாஸ்ட் மெஜஸ்டிக் பை தென்”. இதைப் பார்த்து ‘தாண்டியிருப்பான், ஆனால் தாண்டவில்லை’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். வுட் ஹேவ் வந்தாலே நடக்காதது என்று நினைப்பதால் வரும் கோளாறு.

கடுகோடி மெட்ரோ | வெள்ளி, மாலை 6.30

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை அச்செடுத்து மேஜையில் வைத்திருக்கிறேன்.

பழைய மினிட்ஸில் அந்த வரியைத் திருத்தி, திருத்திய தேதியோடு மறுபடி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை ரிலீஸ் ஒரு சாத்தியம் என்று டீம் சொன்னது, உறுதி தரவில்லை என்று டீச்சர் சொன்னபடியே எழுதினேன். கிளையண்ட் மேனேஜர் ‘நோட்டட், தேங்க்ஸ்’ என்று மட்டும் பதில் போட்டார்.

இன்று மதியக் காலில் அடுத்த ரிலீஸ் பேச்சு வந்தது. எங்கள் லீட் “வி மைட் பி ஏபிள் டு டூ இட் பை தர்ஸ்டே” என்றார். இதற்கு முன்னால் என்றால் தலையாட்டிவிட்டு எழுதியிருப்பேன். இன்று மைக்கை ஆன் செய்து, “மினிட்ஸில் மைட் என்று எழுதவா, வில் என்று எழுதவா?” என்று கேட்டேன். ஒரு நிமிடம் அமைதி. அப்புறம் அவர், “தர்ஸ்டே மைட். மண்டே வில்” என்றார். அந்தப் பக்கம் மேனேஜர், “தட் ஹெல்ப்ஸ்” என்று சொல்லிவிட்டு டெஸ்டர்களைத் திங்கட்கிழமைக்கு மாற்றினார். இரண்டையும் அப்படியே, தேதியோடு, தனித்தனி வரியாக எழுதி அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினேன். இப்போது மெட்ரோவில் இருக்கிறேன், கே.ஆர்.புரம் தாண்டிவிட்டது.